அசையாத புள்ளி

ஜூலை 3, புதன்

காலையில் டாக்டர் ஹெலன் என் மேசைக்கு வந்து நின்றார். ஓர் அறக்கட்டளை நம் நிலையத்துக்குப் புதிய நுண்ணோக்கி ஒன்று வாங்கித் தர முன்வந்திருக்கிறதாம். "நம்மகிட்ட என்னென்ன மைக்ராஸ்கோப் இருக்கு, எது எதுக்குப் பயன்படுது, எது பழுதுன்னு ஒரு லிஸ்ட் வேணும் மேடம். உங்களை விட்டா யாரு எழுதுவா?"

உண்மைதான். யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் பிழையோடு எழுதுவார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் தருவதாகச் சொன்னேன்.

அவர் மனத்தில் இருப்பது கேமரா பொருத்திப் பெரிய திரையில் காட்டும் வகை. "சளியைத் திரையில பாக்கணுமா? இதென்ன சினிமா கொட்டகையா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் வயது எழுபத்து நான்கு. அரசு ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த இலவச மார்பு நோய் நிலையத்துக்கு வந்தேன். பதினாறு ஆண்டுகளாகத் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் சளியைப் பார்த்துவருகிறேன். எனக்குக் கண்ணருகு லென்ஸ் போதும்.

பட்டியலை இன்றே தொடங்கினேன். முதலாவது, சாதாரண ஒளி நுண்ணோக்கி. காசநோய்க் கிருமி நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். நம் வேலையில் முக்கால் பங்கு இதில்தான். குறை: பார்வைப் புலத்தின் நட்டநடுவில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. நான் எங்கே பார்த்தாலும் அங்கே வந்து நிற்கிறது.

இந்த நாட்குறிப்பு ஏட்டில் கோடுகள் ஒழுங்காக அச்சாகவில்லை. பக்கத்தின் நடுவில் நெளிகின்றன. கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

புள்ளிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எண்ணெயில் தோயும் நூறு மடங்கு லென்ஸை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் அதை ஒட்டியிருக்கும் பசை கரைந்து பனி படரும். துடைப்பவர் இசக்கியப்பன். ஆய்வக நுட்புநர், வயது நாற்பத்தொன்பது, எனக்குப் பின் இரண்டு மாதம் கழித்து இங்கே சேர்ந்தவர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாறு வருசமா இந்த லென்ஸைத் தொடைக்கேன் மேடம். ஸ்பிரிட்டை அது பக்கத்துல கூடக் கொண்டு போனதில்ல."

"அப்போ புள்ளி எங்கேருந்து வந்தது?"

"தெரியலயே மேடம்."

"என்ன தெரியலை? புள்ளி தெரியலையா, காரணம் தெரியலையா?"

கொஞ்ச நேரம் லென்ஸையே பார்த்தார். "ரெண்டுந்தான் மேடம்."

திமிர். பணியாளர் குறிப்பேட்டில் எச்சரிக்கை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மறுபேச்சில்லாமல் போட்டார்.

ஜூலை 8, திங்கள்

மதுரையிலிருந்து கதிரேசன் வந்தார். நுண்ணோக்கி பழுது பார்ப்பவர். வாய் ஓயாது. ஆனால் கை சுத்தம்.

தூசியைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்ணருகு லென்ஸைச் சுழற்று. புள்ளியும் சுழன்றால் தூசி அதில். ஸ்லைடை நகர்த்து, புள்ளி நகர்ந்தால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்று. புள்ளி மறைந்தால் அதில். கடைசியாகக் கீழே இருக்கும் ஒளிகுவிப்பானை இறக்கிப் பார். நான் இந்த நான்கையும் வெள்ளிக்கிழமையே செய்து பார்த்தேன். புள்ளி அசையவில்லை. கதிரேசனும் செய்தார்.

"மேடம், லென்ஸ் பளிங்கு மாதிரி இருக்கு. இதுல புள்ளி வைக்கணும்னா நான்தான் பேனா எடுத்து வைக்கணும்."

"உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டும் பார்த்தார். "இல்லைங்க மேடம். நாலுலயும் அசையலைன்னா, அஞ்சாவதா…" என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ வந்துருச்சு போல" என்று எழுந்துகொண்டார்.

ஐந்தாவது என்று ஒன்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஜூலை 10, புதன்

ஸ்லைடு எண் 418. பேச்சித்தாய், வயது முப்பத்தெட்டு, உப்பளத்தில் உப்பு வாருபவர். மூன்று வாரமாக இருமல்.

நம் வழக்கம் நான் ஏற்படுத்தியது. ஐந்தில் ஒரு ஸ்லைடை, ஒருவர் கண்ட முடிவு தெரியாமல் மற்றவரும் பார்க்க வேண்டும். முடிவுகள் வேறுபட்டால் மூத்தவர் சொல்வதே முடிவு. இசக்கியப்பன் நூறு புலங்களில் மூன்று கிருமிகள் என்று எழுதியிருந்தார். நான் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன். இருவரும் மறுபடி உட்கார்ந்தோம்.

"இந்தா நடுவுல கெடக்குல்லா மேடம், செவப்பா?"

நடுவில் புள்ளிதான் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்புத் தூள் தெரிந்தது. சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் அப்படித்தான் படியும். பல்லாயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

"சாயக் கசடு" என்றேன்.

"எனக்கென்னமோ கிருமி மாதிரிதான் தோணுது. பெரியாஸ்பத்திரி மிசின்ல சளிய ஒருவாட்டி போட்டுப் பாத்துட்டா…"

"சந்தேகம் இருந்தாத்தான் அங்க அனுப்பணும். எனக்குச் சந்தேகம் இல்லை."

"சரி மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கிருமி இல்லை என்று கையெழுத்திட்டேன். இரண்டு வார மாத்திரையோடு அனுப்பினார்கள். 24ஆம் தேதி திரும்பி வர வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

பாறை மீன் குழம்பு. முள் தொண்டையில் சிக்கியது. முள்ளெடுத்ததில் கவனக்குறைவு.

ஜூலை 15, திங்கள்

பட்டியலில் அடுத்த இரண்டு.

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. சாயம் ஏற்றினால் செத்துவிடும் செல்களை உயிரோடு பார்க்க உதவுவது. சாதாரண ஒளியில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் செல்கள் இதில் சுற்றிலும் ஒளிவட்டம் சூடிக்கொண்டு வரும். சிறுநீர் பார்ப்பதற்கு வைத்திருக்கிறோம். குறை: நடுவில் புள்ளி.

ஸ்டீரியோ நுண்ணோக்கி. பெரிதாக்குவது குறைவு. ஆனால் மேடு பள்ளம் தெரியும், கீழே கைவைத்து வேலை செய்யலாம். சொறிப் பூச்சியைப் பார்ப்பதற்கும், பாதத்தில் ஏறிய முள்ளை எடுப்பதற்கும். இரு கண்ணும் வேண்டும். என் இடது கண் ஒன்பது வயதில் வந்த அம்மையில் மங்கியது. முகத்தில் துணைக்கு இருக்கிறது, அவ்வளவே. ஆகவே எனக்கு இதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. குறை: இதிலும் புள்ளி.

மூன்றிலும் ஒரே புள்ளி என்றால் காரணம் கடற்காற்று. உப்பு ஈரம் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். இசக்கியப்பன் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை மாற்றுவதில்லை போலும். கேட்டேன்.

"திங்கக்கெழம திங்கக்கெழம மாத்துதேன் மேடம்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார். மணிகள் நீலமாகத்தான் இருந்தன. ஈரம் ஏறவில்லை.

நல்லது.

ஜூலை 17, புதன்

வீட்டில் என் சொந்தப் பித்தளை நுண்ணோக்கியை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒற்றைக் குழாய், கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வட்டக் கண்ணாடி. கான்வென்ட்டில் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் முதல் பரிசாக மதர் ஜெர்ட்ரூட் தந்தது. வெங்காயத் தோலை முதன்முதலில் இதில்தான் பார்த்தேன். கண்ணில் படாத உட்கருவையும் எல்லா அறைகளிலும் அழகாக வரைந்து கொடுத்தேன். மதர் என் தாளைக் கிழித்துப் போட்டார். "தெரிந்ததை வரையாதே. தெரிவதை வரை."

ஜன்னலோரம் வைத்து இன்றும் வெங்காயத் தோலைப் பார்த்தேன். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகக் கம்பளித் துணியில் சுற்றி, அலமாரியில் பூட்டி வைத்த கருவி. இசக்கியப்பன் இதைத் தொட்டதே இல்லை.

புள்ளி.

உறை போட்டு மூடிவைத்தேன். அரிசி களைந்து உலை வைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

நல்ல நாள். பட்டியலில் நான்காவது, ஒளிர்வு நுண்ணோக்கி. இதற்கு வேறு சாயம். நீல ஒளி பட்டதும் கிருமி பச்சை மஞ்சளாக எரியும், மற்றதெல்லாம் இருட்டு. ஒளி நுண்ணோக்கியில் ஐந்து நிமிடம் தேடுவதை இதில் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கலாம்.

இதில் புள்ளி இல்லை. சுத்தமான கருப்பு. ஓரம் முதல் ஓரம் வரை ஒரு கறை கிடையாது.

"பாத்தீங்களா, இதுல இல்லை. அப்போ குறை மத்ததுலதான்" என்று இசக்கியப்பனிடம் சொன்னேன்.

"சந்தோசம் மேடம்" என்றார். சந்தோஷப்பட்டவர் போல இல்லை.

இனி எல்லா ஸ்லைடுகளையும் இதிலேயே பார்ப்பதென்று முடிவு செய்தேன். இன்று இருபத்தொன்று பார்த்தேன். எல்லாம் இருட்டு. கிருமி இல்லை.

ஜூலை 24, புதன்

பேச்சித்தாய் வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் மரத்தடியில் நின்றேன். கொடிமரம் இந்த ஆண்டு நடுவில் லேசாக வளைந்து நிற்கிறது. பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு லூர்தம்மாளிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க வளைஞ்சிருக்குக்கா? அம்பு மாதிரில்லா நிக்குது" என்றாள். அவள் எதையும் கூர்ந்து பார்ப்பவள் அல்ல.

என் கணவர் இருந்திருந்தால் உறுதி செய்திருப்பார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாய்மரம் பார்த்தவர். போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகஸ்ட் 1, வியாழன்

பேச்சித்தாய் இன்னும் வரவில்லை. அவளிடம் எடுத்த இரண்டாம் நாள் சளியில் சாயம் ஏற்றாத ஸ்லைடு ஒன்று மீதம் இருக்கிறது என்றார் இசக்கியப்பன். "ஒளிர்வு சாயம் போட்டுப் பாத்துருவோமா மேடம்? மனசு கேக்கல." தாராளமாக என்றேன். குறையில்லாத கருவியில் பார்த்து இவர் சந்தேகத்தை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று இருந்தது.

நான்தான் முதலில் உட்கார்ந்தேன். இருட்டு. நகர்த்தினேன். பதினெட்டாவது புலமோ என்னவோ, இடது ஓரத்தில் சிறிதாக, மெலிதாக, லேசாக வளைந்து ஒன்று எரிந்தது. கிருமியா தூசியா என்று பார்க்க வேண்டுமானால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்லைடை நகர்த்தினேன். நடுவுக்கு வந்ததும் அணைந்துவிட்டது.

இன்னும் நகர்த்தினேன். வலது ஓரத்தில் எரிந்தது.

திருப்பினேன். நடுவில் அணைந்தது. இடது ஓரத்தில் எரிந்தது.

பதினோரு முறை.

இசக்கியப்பன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எரியுதுல்லா மேடம்?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று ஸ்லைடை எடுத்து என் இழுப்பறையில் பூட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் நேராகப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஒளிர்வு நுண்ணோக்கிக்கு ஸ்டெபிலைசர் தேவை என்று பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று எழுதிய வரி பொய். இந்த ஏட்டில் நான் பொய் எழுதியதில்லை என்று நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியில்லை. புள்ளியைப் பற்றி முதலில் எழுதியது ஜூலை 3. முதலில் பார்த்தது ஜூலை 3 அல்ல. ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே இருந்தது.

காலையில் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சமையலறை ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். ஏழு கம்பிகள். நடுக் கம்பி வளைந்து நின்றது. வலது கண்ணை மூடிக்கொண்டு, துணைக்கு இருக்கும் அந்த மங்கல் கண்ணால் பார்த்தேன். ஏழும் மங்கலாக, நேராக நின்றன. கொடிமரமும் நேர்தான். ஏட்டின் கோடுகளும் நேர்தான்.

நான்கு முறை தேடியும் அசையாத புள்ளி ஐந்தாவதாக எங்கே இருக்கும் என்று கதிரேசனுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. இசக்கியப்பனுக்கு எப்போது தெரிந்ததோ. எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஜூலை பத்தாம் தேதி நான் 418ஐப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த சாயக் கசட்டைப் பார்த்தேன்.

எட்டரை மணிக்கு நிலையத்துக்குப் போனேன். டாக்டர் ஹெலன் முன்னால் இசக்கியப்பனையும் வைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து ஸ்லைடைக் கொடுத்தேன். "இதுல கிருமி இருக்கு. அன்னைக்கு இவர் சொன்னதுதான் சரி. என் கண்ணுல நடுப்பக்கம் தெரியலை. ஜூன்லேருந்து நான் பாத்தது எதையும் நம்ப வேண்டாம்."

டாக்டர் ஸ்லைடை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "முதல்ல அந்தப் பொண்ணைக் கண்டுபிடிங்க. மத்ததை அப்புறம் பேசுவோம் மேடம்" என்றார்.

கைப்பேசி எண் வேலை செய்யவில்லை. பதிவேட்டில் உப்பளத்தின் பெயர் இருந்தது. இசக்கியப்பன் வண்டியை எடுத்தார். நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். வர வேண்டாம் என்றார். கையெழுத்து என்னுடையது என்றேன்.

பத்து மணிக்கே உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. எங்கும் வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவில் என் புள்ளி, நான் திரும்பிய பக்கமெல்லாம் முன்னால் நடந்தது. வரப்பில் பெண்கள் உப்பு அம்பாரத்தின் மேல் ஓலை மூடிக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் கீழே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போது இருமல் அவளை மறுபடி உட்கார வைத்தது.

"ஏன் இருபத்திநாலாம் தேதி வரலை?" என்று கேட்டேன்.

"நோவு இல்லன்னு நீங்கதான சீட்டு எழுதித் தந்தீய? ஒண்ணுமில்லாதவ எதுக்கு ஒரு நாக் கூலிய விட்டுட்டு வரணும்?"

"நான் எழுதினது தப்பு. நோவு இருக்கு. மருந்து சாப்பிட்டா ஆறு மாசத்துல குணமாயிடும். இப்பவே வரணும்."

அவள் இசக்கியப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்படித் தப்பாகும்? பெரிய கண்ணாடி வச்சுல்லா பாக்கிய?"

"கண்ணாடி சரியாத்தான் இருந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியலை."

மேலே நின்ற ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "நல்ல கூத்து. கண்ணு தெரியாதவளையா அங்க உக்கார வச்சிருக்காவ?"

இசக்கியப்பன், "ஏ, சும்மா கெட, யாரப் பாத்துப் பேசுத…" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். "அவங்க கேக்கது நியாயம்" என்றேன். பிறகு மேலே பார்த்து, "ஆமா. இனிமே உக்கார மாட்டேன்" என்றேன்.

பேச்சித்தாய் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "வீட்டுல மாமியா இருக்கா, சின்னப்புள்ள ரெண்டு இருக்கு. அதுகளுக்கும் பாக்கணுமா?"

"எல்லாரையும் பாக்கணும். இவர் பாப்பார்."

ஆட்டோவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வழி முழுக்க இருமினாள். இறங்கும்போது, "ஒங்களுக்கும் மருந்து உண்டுமா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருநாள். நிலையத்துக்கு விடுமுறை. பெரியாஸ்பத்திரி மிஷினும் பேச்சித்தாய்க்குக் கிருமி உண்டு என்று சொல்லிவிட்டது, மருந்து தொடங்கிவிட்டார்கள். மாமியாருக்கு இல்லை. குழந்தைகளுக்கு இன்னும் முடிவு வரவில்லை.

தெருவில் பவனி வந்தது. மாதாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். கிரீடம் இருந்தது, முகம் இல்லை. சற்றுத் தள்ளி, தூக்கி வருபவர்களின் தோளைப் பார்த்தேன். ஓரத்தில் முகம் வந்து நின்றது.

ஆகஸ்ட் 7, புதன்

திருநெல்வேலியில் கண் மருத்துவர். விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறதாம். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. அவரும் ஒரு நுண்ணோக்கியால்தான் என் கண்ணைப் பார்த்தார்: மேசையில் தாடையை வைத்து உட்கார, கீற்றாக ஒளி வரும் வகை. எதிர்ப்பக்கம் உட்காருவது எனக்கு இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 10, சனி

ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து நான் கையெழுத்திட்ட ஸ்லைடுகள் இருநூற்று அறுபத்து நான்கு. ஐந்து நாட்களாக இசக்கியப்பன் பார்த்தார். திருநெல்வேலி போன நாள் தவிர நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தலையைச் சாய்த்து ஓரப் பார்வையில் ஸ்லைடு எண்ணை வாசித்தேன். கிருமி இருந்தும் நான் இல்லை என்று எழுதியவை, 418 நீங்கலாக, இன்னும் இரண்டு. ஒருவர் ஏற்கெனவே வேறு இடத்தில் மருந்து சாப்பிடுகிறார். இன்னொருவர் ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. நேற்று அழைத்து வந்தார்கள். திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

பட்டியலை முடித்தேன். நேரத்துக்குத் தருவதாகச் சொன்னேன், தந்தேன். நுண்ணோக்கிகள் நான்கு. ஒவ்வொன்றின் பயனையும் எழுதி, குறை என்ற இடத்தில் நான்கு முறையும் "இல்லை" என்று எழுதினேன். வாங்க வேண்டியது: கேமராவும் பெரிய திரையும் கொண்டது. காரணம்: ஒருவர் பார்ப்பதை அதே நேரத்தில் மற்றவரும் பார்க்கலாம்; மூத்தவர் சொல்வதே முடிவு என்று விட்டுவிட வேண்டியதில்லை. டாக்டர் படித்துவிட்டு, "சினிமா கொட்டகைன்னீங்களே மேடம்?" என்றார். "டிக்கெட் வாங்கிட்டு வந்து ஓரமா உக்காந்து பாத்துக்கிடுதேன்" என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இசக்கியப்பனிடம் பணியாளர் குறிப்பேட்டை எடுத்து ஜூலை நான்காம் தேதிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஆய்வகத்தில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது எப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். இதுவும் நான் ஏற்படுத்திய விதிதான்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

"மறந்திருந்தா இந்தப் பக்கத்தை இவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க மாட்டீங்க."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு 418லயே நான் அழுத்திச் சொல்லிருக்கணும் மேடம். ஒங்க மொகத்துக்குப் பயந்துட்டேன்."

அளவுகோல் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேனாவை வைத்து, எச்சரிக்கை என்ற சொல்லில் தொடங்கி, கடைசி வரை ஒரே இழுப்பில் இழுத்தேன். சுருக்கொப்பமாக எ.மோ. என்று எழுதினேன். தேதி போட்டேன்.

"கோடு நேரா வந்திருக்கா?"

குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, குனிந்து, ஒரு ஸ்லைடைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நடுவுல கொஞ்சம் வளைஞ்சிருக்கு மேடம்."

எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.